40 டன் தீவன ஆலை: சுற்றுக் கிராமங்களுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

ஆலை மேலாளர், பெரம்பலூர்

வணக்கம். எங்களுடையது மாட்டுத் தீவன ஆலை. ஒரு நாளைக்கு 40 டன், வருடத்துக்கு 300 நாள் ஓட்டம். கலவையில் கால் பங்கு மக்காச்சோளம். மீதி எண்ணெய் எடுத்த தவிடு, புண்ணாக்கு, உளுந்துப் பொட்டு, துவரைப் பொட்டு (பருப்பின் தோல்), மரவள்ளித் திப்பி (சவ்வரிசி ஆலைச் சக்கை), கரும்புப்பாகு, தாது உப்பு. மக்காச்சோளம் முழுவதும் மண்டி வழியாகத்தான் வருகிறது. விற்பனை பெரம்பலூர், அரியலூர், துறையூர், ஆத்தூர் பக்கம் கடைகளிலும் சில பால் சங்கங்களிலும்.

லாபத்தில் ஒரு பங்கைச் சுற்றுக் கிராமங்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் ஒதுக்கலாம் என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. இதுவரை வந்த யோசனைகள்: மாட்டு முகாம், மரக்கன்று, பள்ளிக்கு நோட்டுப் புத்தகம், இலவச தாது உப்புப் பாக்கெட். எதுவும் தவறில்லை. ஆனால் முகாம் முடிந்த மறுநாள் அந்த ஊரில் என்ன மாறியிருக்கும் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. மூன்று வருடம் கழித்தும் நிற்கிற மாதிரி என்ன செய்யலாம்? விவசாயியிடம் நேரடியாக வாங்கப் போனால் எங்கே சிக்கும்? ஆலைக்கு உள்ளே மாற்ற வேண்டியது என்ன? இந்தத் தொழில் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

தானியக் கொள்முதல், துறையூர்

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 12,000 டன் தீவனம், அதில் 3,000 டன் மக்காச்சோளம். மானாவாரியில் ஏக்கருக்கு 20 குவிண்டால் என்றால் 1,500 ஏக்கர் விளைச்சல் உங்கள் வாசலுக்குள் வருகிறது. அந்த வாசலில் எடை எப்படிப் போடுகிறீர்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள், பணம் எத்தனாவது நாள் போகிறது, இந்த மூன்றும்தான் அந்த வீடுகளைத் தொடும். முகாமெல்லாம் அதற்குப் பிறகு.

புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தது தை, மாசியில் அறுப்புக்கு வரும். இயந்திரத்தில் அடித்த மணியில் 18 முதல் 22 சதவீதம் ஈரம் இருப்பது சாதாரணம். அப்படியே மூட்டை பிடித்தால் சில நாளிலேயே உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். காய வைக்க இடமும் இல்லை, காத்திருக்கப் பணமும் இல்லை என்பதால் களத்திலேயே விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவர் கண்மதிப்பில் கழிவு பிடிக்கிறார். சண்டையெல்லாம் அங்கேதான்.

கழிவுக்குக் கணக்கு இருக்கிறது. 100-லிருந்து உள்ள ஈரத்தைக் கழித்து, அதை 100-லிருந்து அடிப்படை ஈரத்தை (விலை பேசிய ஈர அளவை) கழித்து வருவதால் வகுத்து, எடையால் பெருக்க வேண்டும். 18 சதவீத ஈரத்தில் 100 கிலோ, அடிப்படை 13 என்றால், 82 ÷ 87 × 100 = 94.25 கிலோ. கழிவு 5.75 கிலோ. ‘சதத்துக்கு ஒரு கிலோ’ என்று 5 கிலோ பிடித்தால் ஆலைக்கு நட்டம். ‘சதத்துக்கு ஒன்றரை’ என்று 7.5 கிலோ பிடித்தால் விவசாயியிடமிருந்து குவிண்டாலுக்கு 1.75 கிலோ சும்மா போகிறது. 13 முதல் 22 வரை இந்த அட்டவணையைப் பெரிய எழுத்தில் எடைமேடைக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். செலவு ஒரு பலகை. மூட்டைக்கு அரைக் கிலோ ‘சாக்கு எடை’, ‘சலுகை எடை’ என்று தனியாகப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் அன்றைக்கே நிறுத்துங்கள்.

ஈரமானியில் இரண்டு தவறு நடக்கும். வெயிலில் இருந்து அள்ளிய சூடான மணியை உடனே போட்டால் அளவு தப்பும், நிழலில் ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது, மாதிரி எடுக்கும் குத்தூசியை மேல் மூட்டையில் மட்டும் போடுவது. வண்டியின் மேல், நடு, அடி மூன்று அடுக்கிலும் எடுத்துக் கலந்து, அதில் பாதியை விவசாயி முன்னாலேயே உறையிலிட்டு ஒட்டி அவரிடம் கொடுத்துவிடுங்கள். தகராறு வந்தால் அதைப் பிரித்துப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை உங்கள் ஆய்வகத்தில் ஓவனில் உலர்த்திப் பார்த்து மானியைச் சரிபார்க்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க எளிய வழி உண்டு, கிராமக் கூட்டத்தில் செய்து காட்டுங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணி, வறுத்து ஆறிய உப்பு இரண்டு மூன்று கரண்டி. மூடி நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15-க்கு மேல், மூட்டை பிடிக்கக் கூடாது. ஒட்டாவிட்டால் 15-க்குக் கீழே வந்துவிட்டது. இன்னும் ஒரு வெயில் கொடுத்தால் நல்லது.

அடுத்தது உலர்களம். தார்ச்சாலையில் காய வைப்பதால் கல்லும் மண்ணும் கலக்கிறது, இரவில் பைக்கில் வருகிறவர்கள் விழுகிறார்கள். 4 செ.மீ. கனத்தில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 28, 29 கிலோ நிற்கும். ஓர் ஏக்கர் விளைச்சல் 2 டன்னுக்குச் சுமார் 750 சதுர அடி வேண்டும். 100-க்கு 50 அடிக் களத்தில் ஒரு தடவைக்கு 13 டன். நல்ல வெயிலில் மூன்று நாளுக்கு ஒரு தடவை, மாதத்துக்குப் பத்துத் தடவை என்றால் 130 டன், அதாவது 65 ஏக்கர். 1,500 ஏக்கருக்கும் களம் கட்ட முடியாது. முதல் வருடம் இரண்டு ஊர் எடுங்கள். தரை நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிய வேண்டும், 100-க்கு 1 சரிவு போதும். தார்ப்பாயும் இழுவைப் பலகையும் களத்திலேயே இருக்க வேண்டும். மார்கழி, தையில் எதிர்பாராத மழை வரத்தான் செய்கிறது, 2021 ஜனவரியில் அப்படித்தான் கதிரெல்லாம் செடியிலேயே முளைத்தது.

மழைக்கு மாற்றாக நடமாடும் உலர்த்தி வாங்கலாம். 20-லிருந்து 13-க்கு இறக்க ஒரு டன்னில் 80 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மணி உதிர்த்த கதிர்ச் சக்கையையே எரிக்கலாம், டன்னுக்கு 40 கிலோ சக்கை போதும். ஒரு டன் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோ சக்கை கிடைக்கிறது. புகை மணியில் படாமல், வெப்பமாற்றி வைத்த அடுப்பாக இருக்க வேண்டும். மணியின் சூடு 60 டிகிரிக்கு மேல் போனால் வெடிப்பு விழுந்து, அரவைக்கு முன்பே தூளாகும்.

பணம் மூன்று வேலை நாளில் வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். இதில் மண்டியோடு போட்டி போட முடியாவிட்டால் நேரடிக் கொள்முதலைத் தொடங்கவே வேண்டாம். மண்டிக்காரர் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்திருப்பார், அந்தக் கட்டு இருக்கும் வரை சரக்கு உங்களிடம் வராது. விலை குறைந்திருக்கும்போது விற்க வேண்டாம் என்று நினைப்பவருக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன் (விளைபொருளைக் கிடங்கில் வைத்து வாங்கும் கடன்) இருக்கிறது, மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாளுக்கு. அதை எடுத்துக்கொடுக்க ஓர் ஆளை நியமித்தாலே பெரிய உதவி.

கால்நடை ஊட்டச்சத்து, நாமக்கல்

மேலே சொன்னது வாங்குகிற பக்கம். விற்கிற பக்கத்தில் செய்ய வேண்டியது கம்பெனிக்குக் கொஞ்சம் கசக்கும்: தேவைக்கு மேல் மூட்டை விற்காதீர்கள்.

பால் உற்பத்திச் செலவில் பெரும் பங்கு தீவனம். பத்து லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு 1.5 கிலோ, பாலுக்கு 2.5 லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் 4 கிலோ, மொத்தம் 5.5 கிலோ அடர்தீவனம் (உங்கள் மூட்டைத் தீவனம் மாதிரி) என்பது வழக்கமான கணக்கு. ஆனால் இது வைக்கோலும் சோளத்தட்டும் மட்டும் தின்கிற மாட்டுக்கு. பசுந்தீவனம் இருந்தால் கணக்கே வேறு. புரதத்தை வைத்துப் பார்த்தால் நல்ல கம்பு நேப்பியர் புல் 20 கிலோ, அல்லது வேலிமசால், தட்டைப்பயறு போன்ற பயறுவகைத் தீவனம் 6 முதல் 8 கிலோ, ஒரு கிலோ அடர்தீவனத்துக்கு ஈடு. நாளைக்கு 7 கிலோ வேலிமசால் போடுகிறவர் ஒரு கிலோ மூட்டைத் தீவனத்தை மிச்சம் பிடிக்கலாம். இதை உங்கள் ஆளே போய்ச் சொன்னால்தான் கம்பெனி மேல் நம்பிக்கை வரும்.

தேசியப் பால்வள வாரியம் தேசியப் பால் திட்டத்தின் கீழ் இதைத்தான் ஊருக்கு ஒரு ஆள் வைத்துச் செய்தது. மாட்டின் எடை, பால் அளவு, கொழுப்பு, வீட்டில் இருக்கிற தீவனம் எல்லாவற்றையும் கணினியில் போட்டு, இருப்பதை வைத்தே குறைந்த செலவில் என்ன கலந்து போடலாம் என்று சொல்வார்கள். அதே முறையை நீங்கள் பத்து ஊரில் செய்யலாம். ஊரிலேயே இருக்கிற, மாடு வைத்திருக்கிற ஒரு பெண்ணைப் பயிற்றுவித்தால் அவரால் 60, 70 மாடுகளை மாதம் ஒருமுறை பார்க்க முடியும். சம்பளம் மாடு எண்ணிக்கைக்கு இருக்கட்டும். மூட்டை விற்பனைக்குக் கமிஷன் வைத்தீர்களானால் ஆலோசனை அன்றைக்கே கெட்டது.

எடை பார்க்கத் தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் எடுக்கவும். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 என்பது கிலோ. சுற்றளவு 66, நீளம் 56 என்றால் 370 கிலோ. மாடு நேராக நிற்க வேண்டும், டேப் இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது. சுற்றளவில் இரண்டு அங்குலம் தவறினால் இருபது கிலோவுக்கு மேல் மாறிவிடும்.

இலவச தாது உப்புப் பாக்கெட் பற்றி: வளர்ந்த மாட்டுக்கு நாளைக்கு 50 கிராம் தேவை. உங்கள் மூட்டைத் தீவனத்தில் ஏற்கெனவே 2 சதவீதம் கலந்திருந்தால், 5 கிலோ தின்கிற மாட்டுக்கு 100 கிராம் அதிலேயே போய்விடுகிறது. அதற்கு மேல் கொடுப்பது சாணத்தில் வீணாகும், துத்தநாகமும் தாமிரமும் மண்ணில் சேரும். பாக்கெட் தேவைப்படுவது மூட்டைத் தீவனம் வாங்காத வீட்டுக்கு, தவிடும் புண்ணாக்கும் மட்டும் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு. அங்கே கொடுங்கள். உங்கள் வாடிக்கையாளர் அல்லாதவருக்குக் கொடுப்பதுதான் உதவி.

கோடையில் வைக்கோலைத் தவிர வேறெதுவும் இல்லாத ஊர்களில் யூரியா ஊட்டம் சொல்லிக்கொடுக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்துப் போர் போட்டு, காற்றுப் புகாமல் 21 நாள் மூடி வைக்க வேண்டும். பிரித்த வைக்கோலை ஒரு மணி நேரம் உலர்த்தி வாடை போனபிறகு போடவும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது. யூரியாவைத் தண்ணீரில் கலந்து தொட்டியில் வைத்தால் மாடு குடித்துச் செத்துவிடும், கரைசல் வாளியை ஆள் பார்வை இல்லாமல் விட்டுப் போகக் கூடாது.

பயிற்சி எதுவாக இருந்தாலும் நேரம் காலை 11-லிருந்து 1 மணிக்குள். மாட்டைப் பார்க்கிறவர்கள் பெண்கள், அவர்களுக்குக் கறவைக்கும் கறவைக்கும் நடுவில்தான் கை ஒழியும். மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்தால் ஆண்கள் மட்டும் வந்து டீ குடித்துப் போவார்கள்.

ஆய்வகம், ஈரோடு

பூஞ்சை நஞ்சை யாரும் எடுக்கவில்லை, எனக்கு அதுதான் முதல் விஷயம். பூசணம் பிடித்த தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1 என்ற நஞ்சு இருக்கும். மாடு தின்ற பி1-ல் ஒரு பங்கு எம்1 என்ற வடிவமாகப் பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குடிக்கிறது குழந்தைகள். காய்ச்சினாலும் போகாது.

இந்தியத் தரப்படி கலப்புத் தீவனத்தில் பி1 உச்சவரம்பு 20 பி.பி.பி. (கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்), பாலில் எம்1 உச்சவரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். உங்கள் தீவனம் 20-ல் நின்றால், 5 கிலோவில் 100 மைக்ரோகிராம். பாலுக்குப் போவது 2 சதவீதம் என்றால் 2 மைக்ரோகிராம், 10 லிட்டரில் லிட்டருக்கு 0.2. சரி. ஆனால் அதே வீட்டில் செக்கிலிருந்து வாங்கிய பூசணக் கடலைப் புண்ணாக்கு 100 பி.பி.பி.யில் 2 கிலோ சேர்ந்தால் இன்னும் 200 மைக்ரோகிராம். மொத்தம் 300, பாலில் லிட்டருக்கு 0.6. வரம்பு தாண்டியது. அதிகம் கறக்கும் மாட்டில் 2 சதவீதம் என்பது 5, 6 வரை ஏறும். பால் சங்கம் பாலைத் திருப்பினால் பழி உங்கள் மூட்டை மேல்தான் வரும். அதனால் பக்கத்து ஊர் விவசாயிகளின் புண்ணாக்கை மாதம் ஒரு நாள் இலவசமாகச் சோதித்துக் கொடுங்கள். நஞ்சுத் தீவனத்தை நிறுத்தினால் நாலைந்து நாளில் பால் சுத்தமாகிவிடும். அதைச் சொன்னால் பயப்படாமல் கொண்டு வருவார்கள்.

சோதனையில் தவறுவது கருவியில் அல்ல, மாதிரி எடுப்பதில். நஞ்சு எல்லா மணியிலும் இல்லை, ஆயிரத்தில் சில மணிகளில் குவிந்திருக்கும். கைப்பிடி அள்ளிச் சோதித்தால் நல்ல லாரி கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் தெரியும். லாரியின் பல இடங்களிலிருந்து சிறுகச் சிறுக எடுத்து 5 கிலோ சேர்த்து, அந்த 5 கிலோவையும் முழுதாக அரைத்து, கலந்து, அதிலிருந்து சோதனைக்கு எடுக்கவும்.

வரம்பு தாண்டிய சரக்கை நல்லதோடு கலந்து ‘சராசரி’ ஆக்காதீர்கள். முதலில் சலித்துத் தூளையும் நொய்யையும் பிரியுங்கள், நஞ்சில் பெரும்பங்கு அதில்தான் இருக்கும். மறுபடி சோதித்து இன்னும் தாண்டினால் கறவைத் தீவனத்துக்கு வேண்டாம். பென்டோனைட் போன்ற நஞ்சு ஒட்டும் களிமண் சேர்ப்பது கூடுதல் காப்பு மட்டும், கெட்ட சரக்கு வாங்க உரிமம் இல்லை.

ஆலை மேலாளர், பெரம்பலூர்

மிகவும் நன்றி சார். இரண்டு சந்தேகம். எத்தனால் ஆலைகளின் டி.டி.ஜி.எஸ். (எத்தனால் எடுத்த தானியத்தின் உலர்ந்த சக்கை) இப்போது புண்ணாக்கைவிட மலிவாக வருகிறது, கழிவைப் பயன்படுத்துவதால் சுற்றுச்சூழலுக்கும் நல்லது என்கிறார்கள். எடுக்கலாமா? காலி மூட்டைகளைத் திருப்பி வாங்கி மறுபடி நிரப்பலாமா?

ஆய்வகம், ஈரோடு

எடுக்கலாம், ஒவ்வொரு லாரிக்கும் சோதனையோடு. மாவுச்சத்து எத்தனாலாகப் போய்விடுவதால் மிச்சத்தில் புரதம் ஏறக்குறைய மூன்று மடங்கு செறிகிறது, நஞ்சும் அதே மடங்கு செறிகிறது. 15 பி.பி.பி. இருந்த மக்காச்சோளம் 45 ஆகத் திரும்பி வரும். உணவுக்கு ஆகாத பூசணத் தானியம் எத்தனாலுக்குப் போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். கருகிய நிறத்தில் இருந்தால் உலர்த்தும்போது சூடு மிஞ்சியிருக்கிறது, ஆய்வறிக்கையில் புரதம் காட்டினாலும் மாட்டுக்குச் செரிக்காது.

ஆலைப் பொறியாளர், சேலம்

மூட்டையை மறுபடி நிரப்பாதீர்கள். தொழுவத்தில் கிடந்த சாக்கு கோமாரியையும் பூசணத்தையும் சேர்த்து ஊர் ஊராகக் கொண்டு போகும். கடைக்காரர் வழியாகச் சாக்குக்குச் சிறு தொகை கொடுத்துச் சேகரித்து, ஆலைக்குள் கொண்டுவராமல் தனி இடத்தில் கட்டி மறுசுழற்சிக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக் உறையைப் பயன்படுத்தும் கம்பெனியே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்ற விதிகள் 2022-லிருந்து கடுமையாகிவிட்டன, எப்படியும் செய்ய வேண்டிய வேலை. 50 கிலோவோடு 25 கிலோ மூட்டையும் போடுங்கள். வீட்டில் அதைத் தூக்குகிறது பெரும்பாலும் பெண்கள்.

மின்சாரம் பெரும்பாலும் அரவையிலும் குச்சித் தீவன இயந்திரத்திலும்தான் போகிறது. சூரியத் தகடு போடுவதற்கு முன் அரவை இயந்திரத்தின் சுத்தியல் தகடுகளின் தேய்மானத்தைப் பாருங்கள். முனை மழுங்கினால் அதே டன்னுக்கு ஆம்பியர் ஏறும். ஷிஃப்டுக்கு ஒருமுறை டன்னுக்கு எத்தனை யூனிட் என்று எழுதி வைத்தால் போதும், மாற்ற வேண்டிய நாள் தானே தெரியும். மாட்டுத் தீவனத்துக்குக் கோழித் தீவனம் போல நைசாக அரைக்கத் தேவையில்லை.

கொதிகலனுக்குச் சீமைக்கருவேலம் வாங்கினால் ஏரி தூர் வாரும் ஊராட்சிக்கும் பயன். ஆனால் பச்சை விறகு வேண்டாம். துண்டாக்கி இரண்டு மாதம் கூரைக்குக் கீழே உலர்த்தவும். ஈர விறகால் நீராவி அழுத்தம் இறங்கும், ஈர நீராவி குச்சித் தீவன இயந்திரத்தின் அச்சை அடைக்கும், புகை ஊருக்குள் போகும். சாம்பலை விவசாயிக்கு இலவச உரம் என்று கொடுக்கும் முன் மண் பரிசோதனை அட்டையைப் பாருங்கள். பெரம்பலூர்க் கரிசல் ஏற்கெனவே காரம், சாம்பல் இன்னும் ஏற்றும். செம்மண் புஞ்சைக்குக் கொடுக்கலாம்.

அக்கம்பக்கத்துக்காரர்களின் முதல் குறை தூசி. சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் கருவி) பெரிய தூசியை மட்டும் பிடிக்கும். லாரி கொட்டும் குழியில் பை வடிகட்டி போடுங்கள். கிராமத்துக்குச் செய்கிற முதல் செலவு இதுவாக இருக்கட்டும்.

தானியக் கொள்முதல், துறையூர்

விடுபட்ட ஒன்று. மக்காச்சோளம் மட்டும் வாங்கினால் ஊர் முழுக்க வருடா வருடம் அதையே விதைப்பார்கள். 2018-க்குப் பிறகு படைப்புழு மக்காச்சோளத்தை என்ன பாடுபடுத்தியது என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் கலவையில் மக்காச்சோளத்தில் ஒரு பகுதிக்குப் பதில் சோளமும் கம்பும் போகும். மாட்டுத் தீவனத்துக்கு நிறம் பிரச்சினை இல்லை. ஊடுபயிராக உளுந்து போட்டவரிடம் பொட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். விதைப்புக்கு முன்னாலேயே எவ்வளவு வாங்குவீர்கள் என்று சொல்ல வேண்டும், அறுப்புக்குப் பிறகு சொல்லிப் பயனில்லை.

ஒப்பந்தமாகப் போடுவதானால் தமிழ்நாட்டில் 2019-ல் நிறைவேறிய ஒப்பந்தப் பண்ணையச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். நிலையான விலை எழுதாதீர்கள். சந்தை ஏறினால் விவசாயி வெளியில் விற்பார், இறங்கினால் உங்கள் நிர்வாகம் தட்டிக்கழிக்கும். அறுப்பு வாரத்தின் சந்தை விலை, ஆனால் அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கீழே போகாது என்று எழுதுங்கள். 2025-26-ல் அது குவிண்டாலுக்கு 2,400 ரூபாயாக இருந்தது. விதைப்பு புரட்டாசியில், அதனால் ஆடிக்குள் ஊர்க் கூட்டம் நடந்துவிட வேண்டும். களத்துக்கு இடம் கேட்பதையும் அதே கூட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.